ரெண்டு மணிக்கு ஒரு கம்பி

– அடிச்சு இறக்கிராத தம்பி. எங்க வீட்டுக்காரவுக அப்படி அடிச்சுத்தான் ரெண்டு ஆணி உள்ளயே போயிட்டு.

– இது ஆணி இல்லம்மா, பின்னு. அடிக்கிற சாமான் இல்ல, திருகுற சாமான். இருக்கட்டும். நான் இன்னும் சுத்தியலையே எடுக்கலயே.

– டம்முன்னு கேட்டுது.

– பியானோவோட முன்பலகையைக் கழட்டிச் செவத்துல சாத்தினேன். உங்களுக்குக் கண்ணு...

– புரை. ரெண்டு கண்ணுலயும். நீ நிக்கது நிழலாட்டம் தெரியும், மூக்கு முழி தெரியாது. ஆனா கேட்டியா, காது மட்டும் பாம்புக் காது. தெருவுல தேங்காய் உடைச்சா, அது பிள்ளையாருக்கா சட்டினிக்கான்னு சொல்லிருவேன்.

– அப்படியா? இப்பம் நான் என்ன பண்ணுதேன், சொல்லுங்க பாப்போம்.

– சாவியை மாட்டித் திருகுத. அது சுத்துது, கம்பி முறுகலை.

– சரிதான். கிழவன் பல்லு மாதிரி ஆடுது. இருநூறுக்கு மேல பின்னு இருக்கும்மா இதுல. மத்ததெல்லாம் ஓரளவு நிக்கி. இந்த ஒரு சுரத்துக்கு உள்ள மூணு பின்னுதான் மோசம்.

– அந்தச் சுரம்தான். நான் காட்டாமலே கண்டுபிடிச்சிட்டியே!

– பாத்தாலே தெரியுது. பின்னைச் சுத்திச் செவப்பா என்னமோ அப்பியிருக்கு. செங்கல் பொடியா?

– நீ சிரிக்கக் கூடாது.

– சிரிக்கலை, சொல்லுங்க.

– புத்துமண்ணு. கோமதியம்மன் கோயில் புத்துமண்ணு. தண்ணியில குழைச்சு ஓட்டையில வச்சு அடைச்சேன்.

– பியானோவுக்கா?

– சிரங்குக்குப் பூசுதோம். தேள் கடிச்சாப் பூசுதோம். வயித்து வலிக்குக் கரைச்சுக் குடிக்கோம். எல்லாத்துக்கும் கேக்க மருந்து இதுக்கு மட்டும் கேக்காதான்னு நினைச்சேன். சிரிக்கான் பாரு!

– இல்லம்மா, நல்ல மருந்துதான். ஆனா தண்ணியில குழைச்சிட்டியள்லா. மரம் அதைக் குடிச்சு ஊதி, பொறவு காஞ்சு சுருங்கிட்டு. முன்னால பல்லு மட்டும் ஆடுச்சு. இப்பம் ஈறே போச்சு.

– நீ வரலயே, நான் என்ன செய்ய? கார்டு போட்டு எத்தனை நாளாச்சு! பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு, மூடிக்குள்ள ஒட்டியிருக்க சீட்டைப் பாத்து விலாசம் எழுதச் சொன்னேன். பாளையங்கோட்டை என்ன, பம்பாயா?

– கடை பூட்டிக் கிடந்துதும்மா. மொதலாளி மருதப்பன் படுத்த படுக்கை. நான்தான் திறக்கணும், நான் வரலை. நேத்துப் போனேன். கார்டு கதவுக்குக் கீழ கிடந்துது. ‘சங்கரன்கோவில் முப்பிடாதியம்மாள் எழுதிக்கொண்டது’ன்னு போட்டிருந்துது. நாலஞ்சு தடவை படிச்சேன்.

– எழுத்து அப்படியா கிறுக்கலா இருந்துது?

– எழுத்து நல்ல எழுத்துதாம்மா.

– அப்பம் நீ மருதப்பன் மகன் இல்லயா? நான் அப்படித்தான் நினைச்சேன். உம் பேரு என்ன?

– தம்பின்னே கூப்பிடுங்க. கேக்க நல்லா இருக்கு.

– சரி, தம்பின்னே இரு. உனக்குத் தெரியுமா, எட்டு ஆளு தூக்கினாக இதை. மலையில எஸ்டேட் பங்களாவை வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனப்பம் அவுக ஏலத்துல எடுத்தாக. உங்க கடையில குடுத்துச் சீர் பாத்து, பருத்தி லாரியில ஏத்திக் கொண்டாந்து இங்கன இறக்கினாக. தெருச் சனம் பூரா வாசல்ல. இவ்வளவு கருப்புப் பெட்டியை எவனும் பாத்ததில்லயா, உள்ள வெள்ளைக்காரிச்சி பொணம் இருக்குன்னு ஒருத்தி கிளப்பி விட்டுட்டா. ஒரு மாசம் எந்தப் பிள்ளையும் வீட்டுக்குள்ள வரலை.

– யாருக்கு வாங்கினாக?

– எம் மகளுக்கு. ஆவுடைக்கு. பத்து வயசு அப்பம். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருத்தி சொல்லிக் குடுத்தா. மூணே மாசத்துல ரெண்டு கையும் வச்சு வாசிச்சா, கேட்டியா.

– ம். அம்மா, இந்த வெள்ளைக் கட்டை ஓரம் தெறிச்சிருக்கே, பாக்குவெட்டி விழுந்தது, இதையும் ஒட்டணுமா? இப்படியே விட்டிரவா?

– தம்பி.

– என்னம்மா?

– பாக்குவெட்டின்னு உனக்கு யாரு சொன்னா?

– யாரும் சொல்லலையே.

– அது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச சங்கதி. நான்தான் கை தவறிப் போட்டேன். அவுக கேட்டப்பம், எலி கடிச்சிட்டுன்னு ரெண்டு பேரும் சேந்து பொய் சொன்னோம். பொறவு ராத்திரி பூரா சிரிச்சோம்.

– இரும்பு விழுந்த தழும்பு தனியாத் தெரியும்மா. ரெண்டு கூராத் தெறிச்சிருக்கு. பாக்குவெட்டிதான் அப்படி விழும். எத்தனை கட்டை பாத்திருப்பேன்.

– இருக்கும். தொழில்காரன் கண்ணு. எனக்கு ஒரு நிமிசம் மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அவளே உன் வாயில இருந்து பேசின மாதிரி.

– வீட்டுல தீப்பெட்டி இருக்கா?

– பீடி குடிக்கதா இருந்தா வாசலுக்குப் போயிரு.

– பீடிக்கு இல்ல. பெட்டியில மெல்லிசா மரச்சில்லு இருக்கும்லா, அதை உரிச்சு, ஓட்டைக்குள்ள சுத்தி வச்சுப் பின்னை இறக்கினா கெட்டியாப் பிடிச்சுக்கிடும். மூணு பெட்டி போதும்.

– நல்ல கதையா இருக்கே! இவ்வளவு பெரிய சாமானுக்குத் தீப்பெட்டிதான் வைத்தியமா? அதுக்கு எம் புத்துமண்ணு என்ன குறைஞ்சு போச்சு?

– இது தண்ணி சேராத வைத்தியம்மா.

– இரு, அடுக்களையில பாத்து எடுத்துட்டு வாரேன்.

– பாத்து. வாசப்படி ஒசரம்.

– எம் வீட்டுப் படியை எனக்கே சொல்லுதான்... இந்தா, மூணு பெட்டி. குச்சியை எல்லாம் ஒரு டப்பாவுல கொட்டிட்டேன். இப்பம் சொல்லு, அது என்ன சத்தம்?

– எந்தச் சத்தம்?

– கார்டுல எழுதினேன்லா, ‘பியானோவில் தொந்தரவு உள்ளது’ன்னு. டீச்சருகிட்ட வேற எப்படிச் சொல்ல? தினமும் ரெண்டு மணிக்கு மில்லுச் சங்கு ஊதும். ஊதி ஓய்ஞ்ச மறுநிமிசம் இந்தச் சுரம் அடிக்கும். ஒரே ஒரு தடவை. மூடி பூட்டி, சாவி எம் இடுப்புல. வீட்டுல நான் மட்டும்தான். அவுக செத்து மூணு வருசம் ஆச்சு. மொத நாளு எலின்னு நினைச்சேன். ரெண்டாம் நாளு உக்காந்து கேட்டேன். எலி இல்ல. விரல் வச்சு அழுத்தின சத்தம். ‘ஏட்டி, சும்மா இரி’ன்னு அதட்டிக்கூடப் பாத்தேன்.

– யாரை அதட்டுனிய?

– நீ மொதல்ல பதில் சொல்லு. அது பின்னு தளர்ந்ததுனால வார சத்தம்தான?

– அதுதாம்மா. கம்பி பின்னைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும். ஒரு கம்பிக்கு ஒரு ஆள் கனம் இழுப்பு உண்டு. மத்தியான வெக்கையில மரம் காயும், பிடி விடும். அந்த நேரம் பாத்துச் சங்கு ஊதினா வீடே அதிரும். பின்னு ஒரு மயிரிழை நழுவும். கம்பி டிங்குன்னு ஒரு குரல் குடுக்கும். அவ்வளவுதான். பேயும் இல்ல, பிசாசும் இல்ல.

– நீ இதுக்கு முன்னால இப்படிப் பாத்திருக்கியா?

– எத்தனையோ.

– எம் கோமதியம்மன் மேல சத்தியமாச் சொல்லு.

– அவ்வளவு தூரம் எதுக்கும்மா? என் தொழில் மேல சொல்லுதேன்.

– போதும். போதும் தம்பி. அப்பம் எம் மக உசுரோட இருக்கா. ஏன், சாவிச் சத்தம் நின்னுட்டு?

– சில்லை உரிச்சுக்கிட்டு இருக்கேன். சொல்லுங்க.

– எட்டு வருசம் ஆச்சு. பாளையங்கோட்டையில டீச்சர் டிரெயினிங் சேத்தோம். அங்கன உள்ள பியானோவை வாசிப்பாளாம், லெட்டர் போடுவா. பொறவு ஒருநாள் ஆஸ்டல்ல இருந்து தந்தி. அவுக ஓடினாக. ரெண்டு நாள் கழிச்சு வந்து, வேத்து மதத்துக்காரன்கூடப் போயிட்டா, இனிமே இந்த வீட்டுல அந்தப் பேச்சே கிடையாதுன்னாக. எவன், என்ன பேரு, எங்கன இருக்கா, ஒண்ணும் சொல்லலை. கேட்டா அருவாளைப் பாப்பாக. நானும் எத்தனை தடவை கேப்பேன்? கடைசி வரைக்கும் சொல்லாமலே போயிட்டாக.

– ம்.

– மறுநாளே தர்ப்பையில ஒரு பொம்மை செஞ்சாக. அவ சேலையில ஒரு முழம் கிழிச்சு அதுக்குச் சுத்தினாக. கொள்ளி வச்சாக. பதினாறாம் நாள் பந்தி போட்டுச் சோறு விளம்பினாக. சாதிசனம் அம்புட்டும் வந்து, அவியல் நல்லா இருக்குன்னு தின்னுட்டுப் போச்சு.

– உசுரோட இருக்கவளுக்கு.

– உசுரோட இருக்கவளுக்கு. தெப்பக்குளத்துக்குக் கூட்டிட்டுப் போய், எல்லாரும் தலைமுழுகுங்கன்னாக. உங்கிட்ட ஒண்ணு சொல்லட்டா? இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. நான் கழுத்து மட்டும்தான் இறங்கினேன். கையால தண்ணியை அள்ளி உச்சியில விட்டுக்கிட்டேன். தலையை முக்கலை. ஈரத் தலையைப் பாத்து, இவளும் முழுகிட்டான்னு எல்லாரும் நம்பிட்டாக.

– முக்கலையா?

– முக்கலை. எம் மகளை நான் தலைமுழுகலை. நீ ஏன் இப்படி மூச்சு வாங்குத?

– மூணு பின்னும்மா. திருகித் திருகி வெளிய இழுக்கணும்லா.

– தண்ணி குடி. செம்பு உங்கிட்டதான் இருக்கு. பொறவு கேளு, வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு அவளுக்கும் ஒரு இலை வைக்கணும்னு அவுக உத்தரவு. மச்சுல சோறு வச்சு, காக்காயைக் கூப்பிடணும். மொத வருசம் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சோத்துல வேப்பெண்ணெயைப் பிசைஞ்சு வச்சிட்டேன். காக்கா தின்னுட்டா எம் மக செத்தவன்னு ஆயிருமே! அது கொத்தி, தலையைச் சிலுப்பிட்டுப் பறந்துட்டு. அவுக கா, கான்னு தொண்டை கிழியக் கத்தினாக. நான் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

– அதுக்குப் பொறவு?

– வேப்பெண்ணெய்க்கே வேலை இல்ல. ஏழு வருசம் எந்தக் காக்காயும் அவ இலையைத் தொடலை. அவுக செத்த பொறவு ரெண்டு இலை போடுவேன். அவுக இலையில நாலு காக்கா சண்டை போடும், பக்கத்துல இவ இலை அப்படியே ஆறிக் கிடக்கும். அன்னைக்குத்தான் எனக்குத் தீபாவளி. ஒரு வருசத்துக்கு அது போதும். மக நல்லா இருக்கா, எங்கயோ சோறாக்குதா, பிள்ளையை அடிக்கான்னு நினைச்சுக்கிடுவேன்.

– இந்த வருசம்?

– இந்த வருசம் ஒத்தைக் காக்கா வந்துது. அவுக இலையைத் திரும்பிக்கூடப் பாக்கலை. நேரா அவ இலைக்குப் போச்சு. ஒரு பருக்கை விடாம தின்னுது. நான் கையைத் தட்டினேன், கம்பை எடுத்து வீசினேன். போகலை. தின்னு முடிச்சுட்டுத்தான் போச்சு.

– உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே அம்மா.

– இலையைத் தடவிப் பாத்தேன்ல. வழிச்ச மாதிரி இருந்துது.

– காக்காய்க்குப் பசிம்மா. வேற என்ன?

– அதைத்தான் நானும் சொல்லிக்கிட்டேன். ஒண்ணு மட்டும் நடந்தா மனசைத் தேத்திக்கிடலாம். ரெண்டும் சேந்து நடந்தா? அதுதான் உன்னை வரவழைச்சேன். இப்பம் தெளிஞ்சுட்டு. பின்னு தளர்ந்துது, காக்காய்க்குப் பசிச்சுது. அவ்வளவுதான?

– அவ்வளவுதான்.

– நல்லா சத்தமாச் சொல்லேன்.

– அவ்வளவுதாம்மா!

– நீ நல்லா இருக்கணும் தம்பி. எம் வயித்துல பால் வார்த்த. கேட்டியா, நீ ஊரெல்லாம் வீடு வீடாப் போற ஆளு. பாளையங்கோட்டையில, இல்ல வேற எங்கயாவது, ஒரு பொம்பிளை வாசிக்கதைப் பாத்தியன்னா, இடது கைச் சுண்டுவிரல் கொஞ்சம் வெளிய வளைஞ்சிருக்கான்னு பாரு. சின்னதுல கதவிடுக்குல நசுங்கினது. அது அவதான்.

– பாத்தா என்ன சொல்லணும்?

– அம்மா தலையை முக்கலைன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம். அவளுக்குப் புரியும். சொல்லுவியா?

– அவ அதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா.

– என்னது?

– இல்லம்மா... மகமாரு எல்லாரும் அதைத்தான் கேப்பாகன்னு சொல்ல வந்தேன். பின்னு ரிப்பேர் பாக்கப் போற வீட்டுல எல்லாம் யாராவது ஒருத்தி அம்மாவை நினைச்சு அழுதுக்கிட்டுத்தான் இருப்பா.

– உம் பொண்டாட்டியும் அப்படித்தானா? கல்யாணம் ஆயிட்டுல்லா?

– ஆச்சு.

– பிள்ளை?

– ரெண்டாவது தங்கலை.

– பாவம். உடம்பு தேறிட்டாளா? புத்துமண்ணு ஒரு பொட்டலம் தாரேன், கொண்டு போய்க் குடு. சிரிக்காத, குடு.

– அம்மா, அந்தச் சத்தம் எப்ப இருந்து வருதுன்னு நீங்க சொல்லவே இல்லயே.

– கொஞ்ச நாளாத்தான்.

– கணக்கா.

– காக்கா தின்னது அமாவாசை அன்னைக்கு, வியாழக்கிழமை. சத்தம் அதுக்கு முந்தின நாளு மத்தியானம் ஆரம்பிச்சுது. ஏன் கேக்க?

– புதன்கிழமை ரெண்டு மணிக்கு.

– ஆமா. சும்மா ஒரு நாள் பிடி விட்டுட்டு, அவ்வளவுதான? நீதான சொன்ன. இரு, இரு... சங்கு ஊதுது.

– ம்.

– பேசாத. இப்பம் ஓயும் பாரு. நீ வைத்தியம் பண்ணிட்டல்லா, இன்னைக்கு வராது. வரலைன்னா நாலு பேருக்குச் சோறு போடுதேன்னு வேண்டியிருக்கேன். உனக்கும்தான்.

– ஓய்ஞ்சிட்டு.

– கேளு...

– ...

– வந்துட்டு! கேட்டியா? அதே சுரம்தான்.

– கேட்டேன்.

– அய்ய, இன்னும் ஒரு பொட்டு இறுகணும் போலிருக்கு. இன்னொரு தீப்பெட்டி வேணா தரட்டா? மூணாவது பின்னுதான் லூசா இருக்கும், அதைக் கொஞ்சம் நல்லாத் திருகு.

– அம்மா.

– சத்தம் முன்னைவிடத் தெளிவா இருந்துது தம்பி. அதனால நீ பாத்த வேலை வீணில்ல. இன்னும் ஒரே ஒரு திருகு...

– அம்மா, பின்னு இன்னும் மாட்டலை. மூணும் இந்தா என் துண்டுல கிடக்கு. கம்பி மூணையும் அப்பமே கழட்டிட்டேன். கையைக் குடுங்க. தொட்டுப் பாருங்க. இது கம்பி. இது கம்பி. இதுவும் கம்பி. இந்தச் சுரத்துக்கு உள்ள இப்பம் ஒண்ணுமே இல்லம்மா. வெறும் ஓட்டைதான்.

– அப்பம் எது அடிச்சுது? தம்பி, நீ எதுக்கு அழுத?

– சொல்லாமப் போயிரணும்னுதான் வந்தேன். பின்னை இறுக்கிட்டு, உங்க மக எங்கயோ நல்லா இருப்பான்னு சொல்லிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குப் போயிரணும்னு நினைச்சேன். அவ விடமாட்டேங்கா.

– எவ? யாரு நீ? எம் மகளைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?

– அந்தப் புதன்கிழமை ரெண்டு மணிக்கு, கபுருக்குழிக்குள்ள இறங்கி அவளைக் கையில வாங்கி வச்சது நான்தான், மாமி.